சர்வர் அங்கே, திரை இங்கே

சென்னை புளியந்தோப்பில் 4 ஜிபி ரேம் லேப்டாப்போடு பொறியியல் படிக்கும் பிள்ளைக்குக் கல்லூரிச் சர்வர் பெரிய கொடுப்பினை. வீட்டில் அசையவே அசையாத சிமுலேஷன் மென்பொருள் அங்கே ஓடும். ஜன்னல் மட்டும் இங்கே திறக்கும். சென்னைக்கு இது புதிதல்ல. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா பங்கெடுத்த நோவேட்டியம் நிறுவனம், கணக்கீட்டை எல்லாம் சர்வரில் வைத்துவிட்டு வீட்டுக்குச் சிறு பெட்டி மட்டும் கொடுக்கும் நெட்பிசியை 2000-களிலேயே இங்கிருந்து கொண்டுவந்தது. அந்த நோக்கம் இன்றும் சரிதான். நாம் பழகிக்கொண்ட வழிதான் சரியில்லை.

லேப்களில் முதலில் சொல்லித்தருவது, தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் எஸ்எஸ்எச் கட்டளையோடு 'எக்ஸ்' சேர்த்துத் தட்டுவதை. எளிதுதான், சர்வரில் தனியாக எதையும் ஓட்டி வைக்க வேண்டாம். ஆனால் எம்ஐடியில் 1984-ல் பிறந்த எக்ஸ் விண்டோ முறை வளாகத்துக்குள் ஓடும் வேகமான கம்பிக்குப் பொருந்தியது. ஒரு மெனு திறக்கக்கூட மென்பொருளும் திரையும் பலமுறை கேட்டுப் பதில் வாங்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒரு கேள்விக்கு 100 மில்லிவிநாடி என்றால் 50 கேள்விக்கு 5 விநாடி. எவ்வளவு பெரிய டேட்டா பேக் போட்டாலும் இந்தக் காத்திருப்பு குறையாது.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இணைப்பு அறுந்தால் மென்பொருளும் சேர்ந்து சாகிறதே, அதைப் பொறுக்க முடியாது. சேமிக்காத வேலை அத்தனையும் போய்விடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது புளியந்தோப்பும் பட்டாளமும் தண்ணீரில் நின்றன. மழைக்கு மின்சாரம் போகும் தெருக்களில் இருப்பவருக்கு இந்த வழியைக் கற்பிப்பது அநியாயம்.

தொலைவிலிருந்து திரையைப் பார்க்க உதவும் இன்னொரு வழியான விஎன்சி அப்படிப்பட்டதல்ல. கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் உருவாகி 1998-ல் பொதுவில் வந்த அது, சர்வரின் நினைவகத்திலேயே ஒரு திரையை வரைந்து அதன் படத்தை மட்டும் அனுப்புகிறது. வீட்டில் கரண்ட் போய் வந்தாலும் விட்ட இடத்தில் ஜன்னல் காத்திருக்கும். குறைகள் உண்டு. யாரோ மறந்துவிட்டுப் போன திரைகள் பொதுச் சர்வரின் ரேமை அடைத்துக்கொள்ளும். பழைய முறைக் கடவுச்சொல்லில் முதல் 8 எழுத்துதான் கணக்கு. போகும் படத்துக்கும் மறைகுறியாக்கம் இல்லை. அதன் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடுவது கதவைத் தாழிடாமல் ஊருக்குப் போவது. எஸ்எஸ்எச் சுரங்கத்துக்குள்தான் அதை ஓட்ட வேண்டும்.

பல வேலைகளுக்கு ஜன்னலே தேவையில்லை என்பதையும் மறக்கிறோம். நூறு கோப்புகளைப் பிடிஎஃப் ஆக்க லிப்ரே ஆபீஸைத் திரையின்றியே ஓட்டலாம். திரை இருந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிக்கும் மென்பொருளுக்கு எக்ஸ்விஎஃப்பி ஒரு பொய்த்திரையைக் காட்டிவிடும். எதிரே திரை இல்லாததால் பிழையும் கண்ணில் படாது என்பதுதான் சிக்கல். சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் 'அ' முதல் 'ன' வரை எல்லாம் வெற்றுக் கட்டங்களாகவே பிடிஎஃப்பில் விழும். கட்டளையோ வெற்றி என்றே சொல்லும். லோஹித் தமிழ் அல்லது நோட்டோ தமிழ் எழுத்துருவை முதலில் நிறுவி, ஒரே ஒரு பக்கத்தை மாற்றிக் கண்ணால் பார்த்த பிறகே மீதி 99-ஐ அனுப்ப வேண்டும்.