வீதியின் நிறமும் கலைஞனின் பொறுப்பும்

வீதிக் காட்சிகளைப் படம்பிடிக்கும் ஆர்வம் மட்டக்களப்பு இளைஞரிடையே இன்று வளர்ந்துள்ளது. அவர்களுட் சிலர், வர்ணத்தில் எடுத்த படத்தைப் பின்னர் கறுப்பு வெள்ளையாக மாற்றி, அம்மாற்றத்தாலேயே அது கலையாகிவிட்டதெனக் கருதுகின்றனர். இக்கருத்தை ஆராய்தல் வேண்டும்.

பிலிம் சுருள் வழங்கிய காலத்திற் கறுப்பு வெள்ளை பெரும்பாலோர்க்கு நிர்ப்பந்தமாகவே இருந்தது. 1935இல் கோடாக்குரோம் சந்தைக்கு வந்தபோதிலும், அதன் விலையும் கழுவும் முறையும் எளியோர்க்கு எட்டவில்லை. இன்று கைத்தொலைபேசியும் வர்ணத்தையே பதிவு செய்கின்றது. ஆகவே நிறத்தை நீக்குவோன் அதற்குக் காரணங் கூறக் கடமைப்பட்டவன்.

இவ்வினாவை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் ரகுபீர் சிங் (1942–1999). 1966இல் ஜெய்ப்பூரில் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் படம்பிடிப்பதைக் கண்ட அவர், அம்மேதையின் பார்வையிற் பாடங் கற்றார். ஆயினும் வீதிகளை வர்ணத்திலேயே எடுத்தார். 1998இல் வெளியான ‘ரிவர் ஆஃப் கலர்’ என்னுந் தொகுப்பில், இந்தியக் கண் வர்ணத்தினூடே உலகைக் காண்பதென்றும், கறுப்பு வெள்ளை மேனாட்டாரின் அகநெருக்கடியோடு பிணைந்ததென்றும் வாதிட்டார். வர்ணத்தை விளம்பரச் சரக்கெனப் பலர் இகழ்ந்த நாளில் அவர் காட்டிய துணிவு போற்றத்தக்கது.

ஆனால் ஒரு தேசத்துக்கென ஒரு கண் உண்டென்னும் கூற்று வரலாற்றுக்கு ஒவ்வாது. 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தைச் சுனில் ஜானா கறுப்பு வெள்ளையிலேயே பதிந்தார். கம்யூனிஸ்ட் கட்சியின் ‘பீப்பிள்ஸ் வார்’ ஏட்டில் வந்த அப்படங்கள், பட்டினிச் சாவுகளை நாட்டின் மனச்சாட்சி முன் நிறுத்தின. அவற்றை மேனாட்டு மனத்தின் நிழலென யார் கூறத் துணிவர்?

நம் நாட்டு லயனல் வென்ட் 1944இல் மறைந்தார். அவரது படங்கள் 1950இல் நூலாயின. ஒளியையும் நிழலையும் அவர்போற் கையாண்டோர் அரியர். ஆயினும் உழைப்பாளியின் உடல் அவரது பல படங்களிற் சிலையாகிவிடுகின்றது. கூலியும் களைப்பும் மறைந்து வடிவம் மட்டும் எஞ்சுகின்றது. ஒரே கறுப்பு வெள்ளை ஓரிடத்தில் உண்மையைத் திறந்தது. வேறோரிடத்தில் அதனைப் போர்த்தியது. ஆகவே முறையைவிட நோக்கமே முதன்மையானது.

இந்த அளவுகோலை நமது வாவிக்கரைக்குக் கொணர்வோம். இங்கே நிறம் ஒரு செய்தி. ஒழுங்கையிற் கட்டிய வெள்ளைக் கொடிகள் சாவீட்டைச் சொல்லும். சிவப்பும் மஞ்சளும் கோயிற் சடங்கைச் சொல்லும். கட்சிக்கு ஒரு நிறமுண்டு. ஒத்த பிரகாசமுள்ள சிவப்பும் பச்சையும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகிவிடும். எந்தக் கொடி யாருடையது என்பது உயிர்ப்பிரச்சினையாக இருந்த நாட்டில், அச்சாம்பலை வெறும் அழகென்று கொள்ள முடியுமா?

காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரை எண்ணுக. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் அவர்களது தொடர் போராட்டம் தொடங்கியது. மட்டக்களப்பிலும் தாய்மார் பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியில் நின்றனர். ஏந்திய படம் வெளுத்துவிட்டது. ஏந்திய கை உயிரோடிருக்கின்றது. வெளுத்த தாளுக்கும் வெயிலிற் கறுத்த முகத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடே அவர்கள் காத்திருந்த காலத்தின் அளவு. கறுப்பு வெள்ளை இரண்டையும் ஒரு பழமைக்குள் தள்ளிவிடும். இன்று விடை வேண்டி நிற்கும் கோரிக்கை நேற்றைய நினைவுப்பொருளாகிவிடும். அது கலைக்குறை மட்டுமன்று, அநீதியுமாகும்.

இதனால் வர்ணமெல்லாம் வாய்மையென்று கொள்ளற்க. பாசிக்குடாக் கடலின் நீலத்தையும் வாவியின் அந்திச் செம்மையையும் விற்கும் சுற்றுலாப் படங்களில், வலை இழுப்பவன் ஓர் அலங்காரப் பொருளாகின்றான். கூலியாளின் முகத்தை அவன் பின்னாலுள்ள விளம்பரப் பலகையின் வர்ணம் விழுங்குமாயின், அங்கே நிறத்தை நீக்குவது நியாயமே. நீக்குவது மனிதனை முன்னுக்குக் கொணர்கின்றதா, அன்றி அவனது நிலைமையை மறைக்கின்றதா என்பதே உரைகல்.

நிறத்தை வைப்பதற்கும் நீக்குவதற்கும் கலைஞனுக்கு உரிமையுண்டு. ஆனால் வீதி அவனுடைய தனிச்சொத்தன்று. அங்கே நிற்கும் மக்களுக்கு விடை கூறக்கூடிய தெரிவே கலைத்தெரிவாகும்.