பெறும் சோறும் ஆக்கும் கறியும்: விருதுநகர் வட்டாரத் தலித் எழுத்தில் மாட்டிறைச்சி பற்றிய வாசிப்புகள் குறித்த மறுபார்வை

ஆய்வுச் சுருக்கம்

விருதுநகர் மாவட்டம் புதுப்பட்டியில் பிறந்த பாமாவின் ‘கருக்கு’ (1992), ‘சங்கதி’ (1994) ஆகிய நூல்கள் உணவை முன்வைத்துப் பலமுறை வாசிக்கப்பட்டுள்ளன. அவ்வாசிப்புகள் பெரும்பாலும் பிறர் கையிலிருந்து பெறப்படும் உணவையே மையமாகக் கொள்கின்றன. மாட்டிறைச்சியோ இழிவின் அடையாளமாக அல்லது எதிர்ப்பின் முழக்கமாகச் சுருக்கப்படுகிறது. வீட்டு அடுப்பில் மாட்டுக்கறி ஆக்குதல் என்பது காலம், விறகு, கூலி, பெண்ணுழைப்பு ஆகியவை கூடும் இடம் என்பதையும், அவ்விடத்தைத் தவிர்க்கும் விமர்சனம் உணவைத் தருபவரின் பார்வையையே அறியாமல் பின்தொடர்கிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கருக்கு, சங்கதி, மாட்டிறைச்சி, சமையலுழைப்பு, தீப்பெட்டித் தொழில், கரிசல் வட்டாரம்.

முன்னுரை

ஒரு வட்டாரத்தின் உணவுப் பெருமை கடைத்தெருவில் உருவாகிறது. விருதுநகர் என்றவுடன் எண்ணெய்ப் பரோட்டாவும் ஆட்டுக்கறிச் சால்னாவும் நினைவுக்கு வருகின்றன. அதே மாவட்டத்தின் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. மாட்டின் பாலிலிருந்து செய்யப்படும் இனிப்பு மாவட்டத்தின் பெயரைத் தாங்கி வெளியூர் செல்கிறது. அதே மாட்டின் இறைச்சி சேரி வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பாகக் கொதிக்கிறது. அதற்கு ஊர்ப்பெயரும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. ஒரே விலங்கு தரும் இரு உணவுகளுள் ஒன்று மரபாகவும் மற்றொன்று வழக்கமாகவும் மட்டுமே மதிக்கப்படுவது உணவு வரலாற்றின் சிக்கல். அச்சிக்கல் இலக்கிய விமர்சனத்திலும் தொடர்கிறதா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

பெறப்படும் உணவு

‘கருக்கு’ பற்றிய விமர்சனங்களில் மூன்று உணவுக் காட்சிகள் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகின்றன. முதலாவது, தெருவில் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கைபடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிவந்து நாயக்கரிடம் கொடுக்கும் காட்சி. சிறுமிக்கு அது சிரிப்பை வரவழைக்கிறது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பதை அண்ணன் விளக்கும்போது தீண்டாமை அவளுக்குப் புலனாகிறது. இரண்டாவது, விடியலில் நாயக்கர் வீட்டு மாட்டுத்தொழுவைக் கூட்டிச் சாணம் அள்ளும் பாட்டி, மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் எட்ட நின்று வாங்கிவரும் காட்சி. மூன்றாவது, சேரிப் பிள்ளைகள் விடுதிச் சோற்றில் கொழுப்பதாக விடுதிப் பொறுப்பாளர் ஏசும் காட்சி.

இம்மூன்றிலும் உணவு ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறுகிறது. சாதி அந்தக் கைமாற்றத்தில் வெளிப்படுவதால் விமர்சகர்கள் அங்கு நிற்பது இயல்பே. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் 2000-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் வழி இந்நூல் உலகப் பாடத்திட்டங்களுக்குள் சென்றபோதும் இக்காட்சிகளே அதன் முகமாயின. ஆயினும் இவற்றை மட்டும் வரிசைப்படுத்தும்போது, தலித் குடும்பம் உணவைப் பெறும் குடும்பமாக மட்டுமே தோன்றுகிறது. தானே ஆக்கித் தானே உண்ணும் குடும்பமாகத் தோன்றுவதில்லை. பாட்டி தொழுவத்திலிருந்து சுமந்துவரும் சோறு விரிவாகப் பேசப்படுகிறது. அவள் வீட்டு அடுப்பில் எது வெந்தது என்ற கேள்வி எழுப்பப்படுவதே இல்லை. தருபவர் தம் திண்ணையில் நின்று பார்த்தால் இவ்வளவுதான் தெரியும். விமர்சனமும் அதே இடத்தில் நிற்க வேண்டியதில்லை.

வெட்டவெளியின் ஊன்

மாட்டிறைச்சியைப் பற்றிய பேச்சு வீட்டுக்கு வெளியிலேயே நிகழ்வது புதிதன்று. அகநானூற்றின் 129, 309 ஆகிய பாடல்கள் மாட்டிறைச்சி உண்டோரைக் காட்டுகின்றன. முன்னதில் பாலைவழி மழவர் கொழுத்த ஆவினைத் தின்கின்றனர். பின்னதில் நிரை கவர்ந்த மறவர் வேம்புறை தெய்வத்திற்கு ஆவைப் பலியிட்டு, புழுக்கிய ஊனை அகன்ற பாறையில் உண்கின்றனர். தமிழர் மாட்டிறைச்சி உண்டனர் என்பதற்கு இப்பாடல்கள் சான்றாகக் காட்டப்படுவது வழக்கம். சான்று சரியானதே. ஆனால் அங்கு உண்போர் வீரர், இடம் காடு, மனையுறை மகளிரும் அடுப்பும் அங்கு இல்லை.

அண்மைக் காலமும் இதற்கு விலக்கன்று. கால்நடைச் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளை மைய அரசு 2017 மே 23 அன்று அறிவித்தது. மே 30 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட இடங்களில் மாட்டிறைச்சி விருந்து போராட்ட வடிவம் பெற்றது. உண்ணும் உரிமையை நிலைநாட்ட அத்தகைய பொதுவிருந்து தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை. எனினும் சங்கப் பாடலும் போராட்ட விருந்தும் மாட்டிறைச்சியை வெட்டவெளிக்குரிய, வீரத்திற்குரிய உணவாகவே நிறுத்துகின்றன. ஒவ்வொரு ஞாயிறும் எவருக்கும் எதையும் அறிவிக்காமல் அதை ஆக்கும் பெண் இவ்விரு சொல்லாடல்களிலும் இடம்பெறவில்லை.

அடுப்பும் காலமும்

சமையலறைக்குள் நுழையும்போது முதலில் எதிர்ப்படுவது காலம். 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்திற்கும் பயன்படாதது, அல்லது காயம், ஊனம், தீராநோய் ஆகியவற்றால் நிரந்தரமாகச் செயலிழந்தது எனச் சான்று பெற்ற மாட்டையே அறுக்க இயலும். பசுவையும் கிடாரியையும் அறுப்பதற்கு 1976-ஆம் ஆண்டின் அரசாணை தடை விதித்தது. ஆகவே முறைப்படி அறுக்கப்படும் மாடு பெரும்பாலும் உழைத்துத் தேய்ந்த கிழமாடே. வயது ஏற ஏற இறைச்சியின் இணைப்புத்திசுவிலுள்ள கொலாஜன் இறுகுகிறது. அது இளகி ஊன்பசையாக மாற, ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட ஈரவெப்பத்தில் நெடுநேரம் வேக வேண்டும். குக்கர் நீராவியின் அழுத்தத்தால் வெப்பத்தை 120 பாகை அளவுக்கு உயர்த்தி அந்நேரத்தைக் குறைக்கிறது. குக்கர் இல்லாத வீட்டில் சீமைக்கருவேல விறகும் பெண்ணின் காத்திருப்புமே அவ்வேலையைச் செய்தன. சட்டம் மாட்டுக்கு விதித்த வயது, அடுப்படியில் பெண்ணின் நேரமாக மாறுகிறது.

சமைக்கும் முறை எளியது. துண்டுகளாக்கிய கறியை மஞ்சளும் உப்பும் சேர்த்து வேகவைத்தல். சின்ன வெங்காயம், வரமிளகாய், மல்லி, மிளகு, சோம்பு ஆகியவற்றை வறுத்து அரைத்த மசாலாவைக் கூட்டுதல். தேங்காய்ச் சில்லுகளோடு சுண்ட வறுத்தல் அல்லது குழம்பாக இறக்குதல். மிளகாய்க்கும் மல்லிக்கும் விருதுநகர்ச் சந்தை பெயர்பெற்றது. வணிகர் மூட்டை மூட்டையாகக் கைமாற்றும் அச்சரக்கு, கூலிக்காரர் வீட்டில் கைப்பிடி அளவாக அம்மிக்கு வருகிறது.

மிஞ்சிய கறி உப்புக்கண்டமாகிறது. உப்பும் மஞ்சளும் தடவி நீள வார்களாகக் கொடியில் தொங்கவிட்டால், கரிசல் வெயில் அதை உலர்த்திவிடும். மழை குறைந்த இவ்வெயிலே சிவகாசியில் தீக்குச்சியையும் வெடிமருந்தையும் உலர்த்தித் தொழிலை நிலைபெறச் செய்தது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தொழிலின் வரலாறு விரிவாகப் பதிவாகியுள்ளது. அதே வெயிலில் காய்ந்த உப்புக்கண்டத்தின் வரலாறு வாய்மொழியிலேயே தங்கிவிட்டது.

தீப்பெட்டி ஆலையும் சமையலறையும்

சிவகாசி வட்டாரத்தின் உழைப்பு பெரிதும் துண்டுக்கூலி சார்ந்தது. ஒட்டிய பெட்டிக்கும் அடுக்கிய குச்சிக்கும் கணக்கு உண்டு. வேகவைத்த கறிக்குக் கணக்கு இல்லை. ‘சங்கதி’யில் வரும் சிறுமி மைக்கண்ணி இவ்விரு உழைப்புகளுக்கும் இடையில் ஊசலாடுகிறாள். தாயால் வேலைக்குச் செல்ல இயலாத காலத்தில் அவள் தீப்பெட்டி ஆலைக்குப் போகிறாள். மற்றக் காலத்தில் வீட்டையும் தம்பி தங்கையரையும் பார்த்துக்கொள்கிறாள். விமர்சனம் அவளைக் குழந்தைத் தொழிலாளி என்ற பிரிவில் வைக்கிறது. அது பொருத்தமான பிரிவே. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்த உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் ஆலையின் வாயிலையே நோக்கியது. ஆனால் நாவலின் அமைப்பில் ஆலையும் அடுப்படியும் ஒரே உழைப்பின் இரு முறைநேரங்களாக உள்ளன. ஆலையிலிருந்து விடுபடும் நாளிலும் அவளுக்கு ஓய்வு இல்லை என்பதே பாமாவின் கூற்று. ஆலையை மட்டும் வாசிப்பது அதில் பாதியை விட்டுவிடுவதாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பெறப்படும் உணவை விடுத்து ஆக்கப்படும் உணவை நோக்குவது வீட்டுச் சமையலைப் போற்றுவதாக முடிந்துவிடக் கூடாது. பந்தியில் ஆண்பிள்ளைகளுக்கே முதலில் பரிமாறப்படுவதையும், பெண்பிள்ளைகள் மிச்சத்தை உண்பதையும் ‘சங்கதி’ மறைக்காமல் கூறுகிறது. நாயக்கர் வீட்டு மிச்சத்தைச் சுமந்துவரும் குடும்பத்திற்குள்ளேயே மற்றொரு மிச்சம் உருவாகிறது. சாதி வெளியில் செய்யும் பகிர்வும், ஆண்மை உள்ளே செய்யும் பகிர்வும் ஒரே அகப்பையால் நிகழ்வதை அடுப்படியிலிருந்து பார்க்கும்போதே காணமுடிகிறது. மாட்டிறைச்சியைச் சமூகம் முழுமைக்குமான ஒற்றை அடையாளமாகக் கொள்ளும் வாசிப்பு இந்த உட்பகிர்வைக் காணத் தவறுகிறது. எவர் உண்ணலாம் என்ற வினாவோடு, எவர் ஆக்கினார், எவருக்கு எத்தனை துண்டு கிடைத்தது என்ற வினாக்களும் சேரும்போதுதான் அடையாளம் பொருளியல் உண்மையாகிறது.

முடிவுரை

‘கருக்கு’ குறித்த விமர்சனம் உணவைக் கைமாற்றமாகவே பெரிதும் கண்டுள்ளது. மாட்டிறைச்சி பற்றிய பொதுச் சொல்லாடல் சங்கப் பாலைவழி முதல் 2017-இன் போராட்ட விருந்து வரை வெட்டவெளியிலேயே இயங்கியுள்ளது. இவ்விரண்டுக்கும் நடுவில் வீட்டு அடுப்பு விடுபட்டுள்ளது. சட்டம் விதித்த மாட்டின் வயது, அதனால் நீளும் வேகும் நேரம், துண்டுக்கூலியின் கணக்கு, கணக்கில் வராத பெண்ணுழைப்பு, பந்தியில் நிகழும் பாகுபாடு ஆகியவை அவ்வடுப்பில் ஒன்றுகூடுகின்றன.

புதுப்பட்டி மண்ணிலிருந்தே எழுந்த ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002) நாவலை இந்நோக்கில் பாமாவின் நூல்களோடு ஒப்பிடலாம். ஓர் ஆணின் நினைவில் கறி உண்ணும் அனுபவமாக எஞ்சுகிறதா, ஒரு பெண்ணின் நினைவில் அது ஆக்கும் வேலையாக எஞ்சுகிறதா என்பது அவ்வொப்பீட்டில் எழவேண்டிய முதல் வினா. தலித் உணவு குறித்த ஆய்வு தட்டிலிருந்து தொடங்கும் வழக்கத்தை விட்டு, அடுப்பிலிருந்து தொடங்குவதற்கு இவ்வினா வழிவகுக்கும்.