எடை குறைந்தால் கைதட்டும் ஆப்

புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களிடம் "ஒரு கலோரி ஆப் போட்டுக்குங்க, சாப்பிட்டதை எழுதுங்க" என்று சொல்வது இப்போ சகஜமாகிவிட்டது. யோசனையில் தப்பில்லை. அந்த ஆப் யாருக்காகக் கட்டப்பட்டது என்பதுதான் இடிக்கிறது.

மைஃபிட்னெஸ்பால் வகை ஆப்களில் கலோரி என்பது தாண்டக்கூடாத பட்ஜெட். எடை கூட்டும் இலக்கும் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனாலும் திரையில் பெரிசாகத் தெரிவது 'மீதி எவ்வளவு' என்பதுதான். கீமோ எடுப்பவருக்கு அந்த மீதி, உடம்புக்கு வைத்த பாக்கி. ஐரோப்பாவின் எஸ்பென் வழிகாட்டி, ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 25 முதல் 30 கலோரி, 1 கிராமுக்கு மேல் புரதம், முடிந்தால் 1.5 கிராம் என்கிறது. 60 கிலோ ஆளுக்கு 1500 கலோரிக்குக் குறையக்கூடாது. அவருக்கு ஆறு மாதத்தில் தானாக 3 கிலோவுக்கு மேல் இறங்கினால் மருத்துவர் கெக்கெக்சியா என்ற உடல் மெலிவைச் சந்தேகிப்பார். எடை குறைக்கும் ஆப்புக்கு அது சாதனை!

எனக்குப் பெரிய குறையாகப் படுவது டேட்டா மாடல். காலையில் ஒரு இட்லி பதிந்தாச்சு. பத்து நிமிஷத்தில் வாந்தி. அதை எங்கே பதிவது? வாய்ப்புண், ருசியில்லாத நாக்கு, தாளிக்கிற வாசனைக்கே குமட்டுவது, எதற்கும் கட்டம் கிடையாது. காலிலும் வயிற்றிலும் நீர் கோத்தால் எடை வரைபடம் ஆடாமல் அழகாக நிற்கும். உள்ளே தசை கரைந்துகொண்டிருக்கும்.

பிடி-குளோபல் வேறு ரகம். 1990களில் ஃபெயித் ஆட்டரி உருவாக்கிய பிஜி-எஸ்ஜிஏ கேள்வித்தாளின் ஆப் வடிவம் அது. இட்லியை எண்ணுவதே இல்லை. எடை எப்படி மாறியது, எவ்வளவு சாப்பிட முடிகிறது, சாப்பிட விடாமல் தடுப்பது எது, நடமாட்டம் எப்படி என்று கேட்கிறது. மொத்தம் 9 புள்ளி வந்தால் உடனே கவனிக்கணும். கேள்விகள் சரியானவை. ஆனால் அந்த 9-ஐ யார் பார்ப்பார்?

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில் 766 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. அறிகுறிகளை இணையத்தில் பதிந்துவந்தவர்களில் பாதிப் பேர் 31.2 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். வழக்கமான கவனிப்பில் 26. இதை மென்பொருளின் வெற்றியாகப் பேசுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அறிகுறி மோசமானதும் நர்ஸுக்கு மின்னஞ்சல் போனது, பெரும்பாலும் அவர் ஏதாவது செய்தார்.

அதனால் எந்த ஆப் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, இதை உங்க டயட்டீஷியன் எந்தக் கிழமை பார்ப்பார் என்பதுதான். பதில் இல்லையென்றால், வாராவாரம் எடையை மாதக் காலண்டரில் குறித்து அடுத்த கீமோவுக்குக் கையோடு எடுத்துப் போவது தேவலை.