கம்பிக்கடை மனக்கணக்கு

சிமெண்டு, கம்பி விற்பதில் கைதேர்ந்தவரை அவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே தெரிந்துகொள்ளலாம். "எத்தனை மூட்டை?" என்று தொடங்க மாட்டார். "தளம் என்னைக்குண்ணே போடுறீங்க?" என்பார். மூன்று மாதம் கிடந்த சிமெண்டு வலுவிழக்கும். அதனால் மூட்டையில் அச்சிட்ட வாரத்தைப் பார்த்து, வேலைக்கு முந்தின நாள்தான் இறக்குவார்.

கம்பிக் கணக்கு இன்னும் அழகு. மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும். 12 எம்எம் கம்பி, 12 மீட்டர் நீளம் என்றால் சுமார் 10.7 கிலோ. கால்குலேட்டரைத் தொடாமலே சொல்வார். எடைமேடைச் சீட்டு பிறகுதான் வரும்.

இதெல்லாம் பழகினால் வந்துவிடும். ஆட்களைப் படிப்பதுதான் கஷ்டம். பணம் வீட்டுக்காரருடையது, பிராண்டைச் சொல்வது மேஸ்திரி, அளவு இன்ஜினியருடையது. விலையைக் குறைத்து விற்பவரை நான் பெரிதாக மதிப்பதில்லை. அது யாருக்கும் வரும். ஆடி மாத மந்தத்திலும் யாருக்குக் கடன் நீட்டக்கூடாது என்று தெரிய வேண்டும். "பழைய பாக்கி கொஞ்சம் நிக்குதுண்ணே" என்று சிரித்தபடி கேட்டு வாங்கிவிட்டு, ஆவணியில் அதே மேஸ்திரியை அடுத்த வீட்டுக்காரரோடு கடைக்கு வரவைக்கவும் தெரிய வேண்டும்.