பரணும் குறுக்குவில்லும்

காலபோக நெல் கதிர் தள்ளும் நாள்களில் கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள வயல்களில் காவல் பரண்கள் எழும்பிவிடும். நாலு கப்பு, குறுக்கே தடிகள், மேலே கிடுகோ தகரமோ. பன்றிக்கும் யானைக்கும் கண்விழித்திருக்கும் விவசாயியின் கையில் டோர்ச்சும் யானை வெடியும்தான் இருக்கும். வில் இருக்காது. ஆனாலும் குறுக்குவில்லின் அருமை பரணில் இராப்பொழுது கழித்தவருக்கே சட்டென்று விளங்கும். காத்திருப்பவருக்கென்றே அமைந்த ஆயுதம் அது.

நமக்கு அது புதிதும் அல்ல. மதுரைக் கோட்டைமதிலின் பொறிகளைச் சொல்லும்போது, தானே வளைந்து எய்யும் விற்பொறி ஒன்றையும் சிலப்பதிகாரம் சொல்கிறது. கேரளத்துக் காயலோரங்களில் மீனை எய்யத் தெற்றாலி இருந்தது. 1902 இல் பேராசிரியர் ஹெர்ட்மனோடு மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களை ஆராய வந்த ஜேம்ஸ் ஹோர்னெல், பின்னர் சென்னை மாகாண மீன்வளத்துறைக்குத் தலைவரானார். தென்னிந்தியாவின் ஊதுகுழல், வளரி, குறுக்குவில் ஆகிய மூன்றையும் பற்றி 1924 இல் விரிவாக எழுதியவர் அவர்தான். சிப்பியைத் தேடி வந்தவரையும் வில் இழுத்துவிட்டது.

கைவில்லில் மிருகம் எதிரே வந்த பிறகுதான் நாணை இழுக்கலாம். இழுத்த கை நடுங்குமுன் விட்டுவிடவும் வேண்டும். மான் வெருண்டோட அந்தக் கையசைவே போதும். குறுக்குவில்லில் பாடெல்லாம் முன்கூட்டியே முடிந்துவிடுகிறது. முனையிலுள்ள வளையத்தில் பாதத்தை ஊன்றி, இரு கையாலும் நாணை இழுத்து மாட்டிவிட்டால், அதன்பின் வேலை ஒற்றை விரலுக்குத்தான். எத்தனை மணி நேரமானாலும் வில் களைக்காது. இருப்பவர் களைக்காமல் இருந்தால் சரி.

அடக்கிவைத்த அந்த விசையே ஆபத்தும். தண்டைத் தாங்கும் இடக்கையைப் பாருங்கள். கட்டைவிரல் எப்போதும் நாண் ஓடும் தடத்துக்குக் கீழேயே கிடக்க வேண்டும். சற்று மேலெழுந்தால் நாண் விரலைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். கணை வைக்காமல் விசையை அழுத்தினால் அந்த வேகம் முழுவதும் வில்லின் மேலேயே திரும்பி அதை உடைக்கும். மரத்தில் ஏறி எய்வதில் இன்னொரு கவலையும் உண்டு. விசை விடுபடும்போது வில்லின் இரு நுனிகளும் வீசி அடிக்கும். பக்கத்துக் கிளையிலோ பரண் விளிம்பிலோ அவை பட்டால் குறி தவறும், ஆளும் தடுமாறுவார். அதனால் கைதேர்ந்தவர் வில்லோடு ஏறுவதில்லை. உடம்பைச் சுற்றிய பட்டியை மரத்தோடு பிணைத்தபடி வெறுங்கையோடு ஏறி, அமர்ந்த பின் கணை பொருத்தாத வில்லைக் கயிற்றால் தூக்கிக்கொள்வார். திரும்பக் காலைத் தரையில் வைக்கும்வரை பட்டியைக் கழற்றமாட்டார்.

உயரத்திலிருந்து எய்வதில் ஒரு கணக்கு உண்டு. ஆறு மீற்றர் உயரப் பரணிலிருந்து இருபது மீற்றர் தள்ளி நிற்கும் மானுக்குச் சாய்வுத் தூரம் இருபத்தொன்றுக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் சொற்பம். ஆனால் மான் பரணுக்குக் கிட்ட வரவரச் சரிவு செங்குத்தாகும், கணை பாயும் வழியும் மாறும். நெஞ்சுக்கூட்டின் நடுவே போக வேண்டியது ஒரு பக்கத்தை மட்டும் துளைத்து, மிருகத்தை அணுவணுவாகச் சாகவிடும். எனவே கணை எங்கே நுழையும் என்பதை விட எங்கே வெளியேறும் என்றுதான் கைதேர்ந்தவர் பார்க்கிறார்.

வேகத்தையும் நம்பிவிட முடியாது. இன்றைய குறுக்குவில்லின் கணை செக்கனுக்கு நூறு மீற்றர் அளவில் பறக்கும். ஒலியோ 340 மீற்றர். முப்பது மீற்றர் தூரத்தில் நாணின் சத்தம் கணைக்கு ஐந்தில் ஒரு செக்கன் முந்திப் போய்ச் சேரும். மான் பதுங்கிப் பாய அது தாராளம். ஆகவே தலை தூக்கி, செவி நிமிர்த்தி நிற்கும் மானை அவர் விட்டுவிடுவார். நல்ல வேட்டைக்காரரை எய்தவற்றைக் கொண்டு அல்ல, எய்யாமல் விட்டவற்றைக் கொண்டே நான் மதிப்பேன்.

இலங்கையில் இந்தக் கலைக்குச் சட்டத்தில் இடமில்லை. 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புச் சட்டம் மானையும் மரையையும் காக்கிறது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. கணையைக் கழித்துவிட்டாலும் பரண் கற்றுத்தந்த பொறுமை மிஞ்சுகிறது. அதைப் பறவை பார்ப்பதில் பழக வங்காலையை விட நல்ல இடம் கிடையாது. 2008 இல் சரணாலயமாகி, 2010 இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம் அது. மானுக்கு மோப்பம் என்றால் பறவைக்குக் கண். ஆகவே காற்றை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பாருங்கள். மாரி காலத்தில், மங்கிய நிறச் சட்டையோடு, விடியுமுன் போய்ச் சூரியன் முதுகுப்பக்கம் வரும்படி அமருங்கள். பூநாரைகளைத் தேடி நீங்கள் நடக்காதீர்கள், அவை மேய்ந்துகொண்டு கிட்ட வரட்டும்.