கூடாரம் அடித்தவர் யார்?

உண்மையை மட்டுமே எழுதினேன் என்று ஓர் ஆசிரியர் சொல்வாராயின், அச்சொல்லை உரைத்துப் பார்க்கும் உரிமை வாசகனுக்கு உண்டு. எர்னஸ்ட் ஹெமிங்வே என்னும் அமெரிக்கர் 1935-ல் வெளியிட்ட ‘கிரீன் ஹில்ஸ் ஆஃப் ஆப்பிரிக்கா’ அத்தகைய நூலாகும். இன்று டான்சானியாவின் பெரும்பகுதியாயுள்ள டாங்கனிக்கா, அன்று பிரிட்டிஷார் ஆட்சியில் இருந்தது. 1933-ன் இறுதியிலும் 1934-ன் தொடக்கத்திலும் ஆசிரியர் தம் மனைவியுடன் அங்கே கூடாரமிட்டுத் தங்கி வேட்டையாடினார். ஒரு மாத நிகழ்ச்சிகளைப் புனைவின்றி எழுதினால் அது கற்பனை நூலோடு போட்டியிட வல்லதா என்று காண்பதே தம் நோக்கமென முன்னுரையில் கூறுகிறார்.

போட்டியிட வல்லதே, ஐயமில்லை. குடு என்னும் முறுக்குக் கொம்பு மானைத் தேடி அவர் அலையும் பக்கங்களில் புல்லின் ஈரம் நம் காலிலும் படுகிறது. தோழர் தம்மினும் பெரிய கொம்புகளைக் கொண்டுவரும்போது தமக்கு எழுந்த பொறாமையையும் அவர் மறைத்தாரில்லை. தம் சிறுமையைத் தாமே அச்சிலேற்றும் துணிவு எல்லோர்க்கும் வாய்ப்பதன்று.

ஆயினும் மாலையில் அவர் கூடாரத்துக்குத் திரும்பும் காட்சியை நோக்குக. கித்தான் தொட்டியில் வெந்நீர் காத்திருக்கிறது. நெருப்பருகே நாற்காலி கிடக்கிறது, விஸ்கி வருகிறது. இந்நீரைச் சுமந்தவர் யார்? விறகு பிளந்தவர் யார்? கொம்பின் நீளத்தை நாடா பிடித்து அளந்தவர், இக்கைகளுக்குக் கணக்கு வைத்தாரில்லை. வழிகாட்டிகள் சிலரைத் தனித்தனியே தீட்டுகிறார். ஆனால் இமை சரிந்தவனுக்கு ‘துரூப்பி’ என்றும், நடிப்பு மிகுந்தவனுக்கு ஆங்கில நாடக நடிகர் ஒருவரின் பெயரால் ‘காரிக்’ என்றும் தாமே பெயரிட்டு அமைகிறார்.

செக்ரோல் எழுதும் தோட்டத்துக் கிராணியாகிய எனக்கு இது சிறு குற்றமாகத் தோன்றவில்லை. பெயர் ஏடேறாதவனுக்குக் கூலி இல்லை என்பது நாங்கள் அறிந்த முதற்பாடம்.

எனினும் ஒருவரை அவர் முழு மனிதராகவே கண்டார். அவர் துப்பாக்கி தாங்கியாகிய எம்கோலா. மனைவியார் சுட்ட சிங்கம் உண்மையில் கணவரின் குண்டுக்கே வீழ்ந்தது போலும். எம்கோலாவோ, அம்மாவே சுட்டார் என்று அடித்துக் கூறுகிறார். கூடாரத்தார் அவ்வம்மையைத் தூக்கிக்கொண்டு பாடி ஆடுகின்றனர். முதலில் எம்கோலா தம்மை மதிக்கவில்லை என்பதையும் ஆசிரியரே ஒப்புகிறார். வேலைக்காரரின் கண்ணில் தம்மை அளந்து பார்த்த இப்பகுதிகளே நூலின் உயிர். முன்னுரையிற் சொன்ன உண்மை இங்கேதான் நிறைவேறுகிறது.

இனி என் குற்றத்தையும் சொல்வேன். ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நாளில் இந்நூலை முதன்முறை படித்தேன். அப்போது நான் அமர்ந்திருந்தது நெருப்பருகே கிடந்த அந்த நாற்காலியில். வெந்நீர்க் குடத்தின் அருகே அன்று. என் பாட்டன் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று எண்ணவே இல்லை. பிறர் மொழியைக் கற்பது நன்று. அவர் நாற்காலியையும் சேர்த்துக் கற்றுக்கொள்வது அடிமைத்தனம்.

அவர் வேட்டையாடிய செரெங்கெட்டி 1951-ல் தேசியப் பூங்காவாயிற்று. 1959-ல் அங்கு வாழ்ந்த மசாயி மக்கள் கோரங்கோரோப் பகுதிக்குப் பெயர்க்கப்பட்டனர். இன்று அங்குள்ள கூடாரங்களில் தங்குவோர் துப்பாக்கியை விட்டுப் புகைப்படக் கருவி ஏந்துகின்றனர். இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால் மனிதர் பெயர்க்கப்பட்ட நிலத்தை மனிதன் காலே படாத காடென்று ஒருவர் எழுதினால், அந்நூல் ஹெமிங்வேயின் நூலினும் பொய்யானது. அவராவது எம்கோலாவைக் கண்டார்.

ஆகவே அன்பர்களே, பயண நூல் எதை எடுத்தாலும் சிங்கம் எத்தனை என்று எண்ணுமுன், கூடாரம் அடித்தவர் பெயர் உண்டா என்று பாருங்கள்.