ஒரு மார்க் போட்டுவிடுங்க சார்

அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள் கொடுக்கும் நாளில் பத்தாம் வகுப்பு ஆசிரியரின் மேசையைச் சுற்றி இரண்டு வகைக் கூட்டம் நிற்கும். ஒரு கூட்டம் தாளை விரித்துப் பிடித்திருக்கும்: ‘சார், இந்தக் கேள்விக்கு மார்க்கே போடலை’, ‘மிஸ், கடைசிப் பக்கத்தைக் கூட்டலை.’ இன்னொரு கூட்டத்தின் கையில் தாள் சுருண்டிருக்கும்: ‘சார், முப்பத்து மூணு சார். ரெண்டே ரெண்டு மார்க் போட்டுவிடுங்க சார்.’ முதல் கூட்டம் உரிமையைக் கேட்கிறது, இரண்டாவது கூட்டம் கெஞ்சுகிறது என்று பிரித்துத் தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த இரண்டாவது வேண்டுகோளிலும் ஒரு நியாயம் உண்டு. அதை எடைபோடாமல் இந்தப் பழக்கத்தைப் பாராட்டவும் முடியாது, பழிக்கவும் முடியாது.

நியாயம் இதுதான்: 33க்கும் தேர்ச்சிக்கு வேண்டிய 35க்கும் நடுவில் நாம் போடும் கோடு துல்லியமானது, அந்த மதிப்பெண்ணைப் போட்ட கை அவ்வளவு துல்லியமானதல்ல. அமெரிக்காவில் 1912இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரு ஆய்வாளர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் ஆங்கில விடைத்தாள்களைப் படியெடுத்துப் பல பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஒரே தாளுக்கு ஒருவர் 64 போட்டார், இன்னொருவர் 98 போட்டார். கட்டுரை விடை என்பதால்தான் இப்படி என்று சொன்னவர்களுக்காக அடுத்த ஆண்டு வடிவியல் தாளை அனுப்பினார்கள். அதில் வேறுபாடு இன்னும் கூடியது. நூறாண்டுக்கு மேல் ஆகியும், சமூக அறிவியலில் ஐந்து மதிப்பெண் விடைக்கு ஓர் ஆசிரியர் மூன்றும் பக்கத்து வகுப்பு ஆசிரியர் நான்கும் போடுவது நின்றபாடில்லை. அப்படி இரண்டு வினாக்கள் அமைந்தால் 33 எடுத்தவன் 35 எடுத்துவிடுவான்.

ஆகவே கேட்பதில் முதல் நன்மை, அது ஒரு தணிக்கை. பத்தாம் வகுப்புக் கணக்கில் தேல்ஸ் தேற்றத்தை எடுத்துக்கொள்வோம். மாணவன் முக்கோணம் சரியாக வரைந்திருக்கிறான். கொடுக்கப்பட்டது, நிரூபிக்க வேண்டியது இரண்டையும் எழுதியிருக்கிறான். நிரூபணத்தில் மட்டும் தடம் மாறிவிட்டான். ஐம்பதாவது தாளைத் திருத்தும் களைப்பில் ஆசிரியர் குறுக்கே கோடு கிழித்து முட்டை போட்டுவிடுகிறார். ‘படத்துக்கு மார்க் உண்டா சார்?’ என்று ஒரு பையன் கேட்டால்தான் அவனுக்குரிய ஸ்டெப் மார்க் கிடைக்கிறது. அதைவிடப் பெரிய ஆதாயம், அப்படிக் கேட்பதற்காகவாவது அவன் தன் விடையை ஒருமுறை படித்துப் பார்த்திருக்கிறான் என்பது. மதிப்பெண்ணைப் பார்த்ததும் தாளை மடித்துப் பைக்குள் போடும் வகுப்பில் இது சிறிய விஷயமல்ல. பெரியவர்கள் போட்ட தீர்ப்பைக் காரணம் காட்டிக் கேட்கலாம் என்ற பழக்கமும் அங்கேதான் தொடங்குகிறது.

குறைகள் இதற்குப் பிறகுதான் வருகின்றன. கேட்கத் துணிந்தவருக்கே கிடைக்கிறது என்பது முதல் குறை. முன்பெஞ்சுப் பையனும், ஆசிரியரின் தெருவிலேயே குடியிருப்பவர் மகனும், பெற்றோர் வந்து பேசக்கூடிய வீட்டுப் பெண்ணும் கேட்பார்கள். அதே 33ஐ வாங்கிக்கொண்டு கடைசிப் பெஞ்சில் தலைகுனிந்திருக்கும் பெண் கேட்கமாட்டாள். இருவர் தாளும் ஒரே தரம். ஒன்று 35 ஆகிறது, மற்றது 33ஆகவே நிற்கிறது. பிழையைத் திருத்துவதாகத் தொடங்கியது புதிய பாகுபாட்டில் முடிகிறது.

இரண்டாவது குறை, திருத்தம் ஒரே பக்கமாகச் சாய்கிறது. கூட்டலில் மூன்று மதிப்பெண் கூடுதலாக விழுந்ததைச் சொல்லி எழுந்து நிற்கும் மாணவர் அரிது. அப்படி ஒருவன் வந்து சொல்ல, ஆசிரியர் அந்த மூன்றைக் குறைத்தும்விட்டால், அந்த வகுப்பில் அடுத்து யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

மூன்றாவது, ஆசிரியர் தன்னைக் காத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறார். அனுபவப்பட்ட பல ஆசிரியர்களின் மதிப்பெண் பட்டியலில் 33, 34 என்ற எண்களே தென்படா. போட்டால் 35, இல்லையேல் 29 அல்லது 30. வாக்குவாதம் மிச்சம். கருணையால் மேலே ஏறியவர்களைப் போலவே, தொல்லை வேண்டாம் என்று கீழே தள்ளப்பட்டவர்களும் இதில் உண்டு. தங்களுக்கு நேர்ந்தது என்னவென்று அவர்களுக்குத் தெரியவே வராது. தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்கும் தலைமையாசிரியரும், கட்டணம் கட்டும் பெற்றோரும் சேர்ந்து நெருக்கும் இடத்தில், போட்ட இரண்டு மதிப்பெண்ணுக்குக் கருணை என்று பெயர் சொல்வதும் சரியாகாது.

நான்காவது குறை மாணவனையே பாதிக்கிறது. அரையாண்டில் 35க்குக் கீழே போனவர்களைத்தான் பள்ளி மாலைச் சிறப்பு வகுப்பில் உட்கார வைக்கிறது. கேட்டு வாங்கிய இரண்டு மதிப்பெண் அவனை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். வீட்டில் கையெழுத்தும் சிக்கலில்லாமல் கிடைக்கும். பொதுத்தேர்வில் அவன் தாளைத் திருத்துபவருக்கு அவன் யாரென்றே தெரியாது. அவனுக்குத் தேவைப்பட்டது அந்த வகுப்புதான்.

இதுவரை பேசியது தேர்ச்சிக் கோட்டைப் பற்றி. அங்கே ஒருவனை மேலே தூக்கினால் இன்னொருவன் கீழே போவதில்லை. வரிசை என்று வந்துவிட்டால் கதையே வேறு. பொறியியல் சேர்க்கைக்கான கட்‑ஆஃப் 200இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. கணிதத்தில் ஒரு மதிப்பெண் என்பது கட்‑ஆஃபில் முழுதாக ஒன்று, இயற்பியலில் அரை. அந்த அரையில் பலர் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். பிளஸ் டூவில் இயற்பியல் போன்ற பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. கடைசி முப்பதில் பெரும்பங்கு பள்ளிக்குள்ளேயே தீர்மானமாகிறது. அதில் ‘ஒன்று கூட்டிப் போடுங்கள்’ என்று கேட்டு வாங்குபவர், முகம் தெரியாத இன்னொரு ஊர் மாணவரின் இடத்தைக் கேட்கிறார். பல பள்ளிகளோ அகமதிப்பீட்டில் எல்லோருக்கும் முழு மதிப்பெண்ணையே போட்டுவிடுகின்றன. நியாயம் கெடாமல் போகலாம். ஆனால் அந்தப் பத்து எதையும் அளப்பதில்லை என்றாகிவிடுகிறது. 35இன் வாசலில் இரக்கம் காட்டுவதற்கு இடமுண்டு. 99இன் வாசலில் அது இல்லை. கெஞ்சுகிற குரல் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் நாம் இரண்டையும் ஒன்றாகவே நடத்துகிறோம்.

பொதுத்தேர்வு இந்தச் சிக்கலுக்கு வேறு வழி வைத்திருக்கிறது. விடைத்தாளில் பெயர் இராது. விடைக்குறிப்பு எல்லா முகாமுக்கும் ஒன்றுதான். வினாவே தவறாக அமைந்துவிட்டால், அதை எழுத முயன்ற எல்லோருக்கும் மதிப்பெண் தருவது வழக்கம். ஐயமுள்ளவர் கட்டணம் கட்டி மறுகூட்டல் கேட்கலாம். சி.பி.எஸ்.இ.யின் மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறையவும் கூடும் என்பதால், கேட்பதற்கு முன் தாளைப் படித்துப் பார்த்தே ஆகவேண்டும். கருணை மதிப்பெண்ணுக்கும் அங்கே விதி வேண்டும். வினாத்தாள் கடினத்துக்கேற்ப மதிப்பெண்ணைச் சீர்செய்யும் முறையை 2017இல் சி.பி.எஸ்.இ. திடீரெனக் கைவிட முனைந்தபோது, அந்த ஆண்டு மாணவர்களுக்கு அது தொடர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தேர்வு எழுதியவர்களிடம் ஆட்டத்தின் நடுவே விதியை மாற்றக் கூடாது என்பதே அதன் சாரம்.

அந்த இயந்திரத்தை அப்படியே வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. கொண்டுவந்தால் மேசையைச் சுற்றி நடக்கும் உரையாடலும் போய்விடும். இரண்டு பழக்கங்கள் போதும். தாள் கொடுப்பதற்கு முன் 30 முதல் 40 வரை எடுத்த எல்லாத் தாள்களையும், பெயர் தெரியாமல் முகப்பை மடித்து வைத்து, ஆசிரியர் இன்னொரு முறை பார்ப்பது. ஐம்பது பேர் வகுப்பில் அப்படிச் சில தாள்களே தேறும். அரைமணி நேர வேலை. கேட்கத் தெரியாத பெண்ணுக்கும் அப்போது கேட்காமலே நியாயம் கிடைக்கிறது. அடுத்தது, கொடுத்த பிறகு இரண்டு நாள் அவகாசம்: வினா எண்ணைக் குறித்து, ஏன் கூடுதலாக வரவேண்டும் என்று இரண்டு வரி எழுதித் தர வேண்டும். எத்தனை மதிப்பெண் குறைகிறது என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை. கூடுதலாக விழுந்ததைத் தானே வந்து சொல்பவரின் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை என்றும் முன்கூட்டியே அறிவித்துவிடலாம். பொதுத்தேர்வுக்குச் செல்லாத மூன்று மதிப்பெண்ணை விட்டுக்கொடுத்து நேர்மையை வாங்கினால் பள்ளிக்கு நட்டமில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பையன் 34இல் நிற்பான். ‘ஒண்ணே ஒண்ணு சார்’ என்பான். மறுக்கத்தான் வேண்டும், மறுத்துவிட்டு அடுத்த வாரம் அதே பாடத்தில் ஒரு மறுதேர்வு வைக்க வேண்டும். அந்த வாய்ப்பைத் தராத பள்ளிக்கு, ஒரு மதிப்பெண்ணுக்காக மாணவன் கெஞ்சுகிறான் என்று குறை சொல்லும் தகுதி கிடையாது.